போர்வையின் விலையும் என் வீட்டுக்காரரின் சாவும்

என் கூடப் பிறக்காத ஜெயந்தி அக்காவுக்கு,

உங்களுக்கு நான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. தேவைப்படவில்லை. கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறினால் கண்டி டவுனில் உங்கள் கைப்பணிப் பொருள் கடை. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து நேரிலேயே சொல்லிவிடுவேன். இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, ஆனால் நீங்கள் இல்லை.

உங்கள் செத்தவீட்டில் கூடப்பிறந்தவர்களைவிட அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான் அதிகமாக அழுதது என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம். உண்மைதான். அழுதேன். அந்த அழுகையைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கொஞ்ச நாளாக யோசிக்கிறேன்.

நாம் எப்படிப் பழகினோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன். நான் நினைத்துக்கொண்டிருந்ததும் நடந்ததும் ஒன்றுதானா என்று எனக்கே இப்போது சந்தேகம்.

பல்லேகல காமென்ட் தொழிற்சாலையில் தையல் வேலையை விட்ட பிறகு, அங்கே கழித்துப்போடுகிற துண்டுத் துணிகளை மூட்டையாக வாங்கி, ஒட்டுப் போட்டுக் குழந்தைப் போர்வை தைத்துக்கொண்டிருந்தேன். துண்டுகளை மெஷினில் மூட்டுவேன். அதற்கு மேலே ஓடுகிற தையல் முழுக்கக் கையால். அன்றைக்கு டவுனில் ஒரு கடையில் போர்வையை விரித்துக் காட்டினேன். கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டப் போனேன். ஏதோ வாங்க வந்து பக்கத்தில் நின்ற நீங்கள், "கொஞ்சம் பொறும்" என்றீர்கள். என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து படியில் வைத்துக் கேட்டீர்கள்.

"இந்த விலையை எப்பிடிப் போட்டனீர்?"

"துணிக்காசு, நூல்காசு, பஸ் சல்லி. அதுக்கு மேல கொஞ்சம்."

"உம்மட நேரம் எங்க?"

"அது வீட்டு நேரம்தானே அக்கா. அதுக்கு என்னா விலை?"

"காமென்ட்டில உம்மட நேரத்துக்குக் காசு தந்தவைதானே? வீட்டில இருந்து தைச்சால் மட்டும் அது சும்மாவோ?"

அந்தக் கேள்வியோடுதான் நான் உங்கள் தங்கச்சி ஆனேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்து விலை போட்டோம். துணி, நூல், கரண்ட், வெட்டும்போது வீணாகிறது, என் கைநேரம், உங்கள் கடைக்கான பங்கு. கைநேரத்துக்கு எவ்வளவு என்பதில் இரண்டு பேருக்கும் சண்டைகூட வந்தது. நான் குறைத்துச் சொல்வேன், நீங்கள் கூட்டுவீர்கள். கடைசியில் வந்த தொகை நான் விற்றுக்கொண்டிருந்ததைப் போல மூன்று மடங்கு. பயந்துபோனேன்.

"இதுக்கு யாருக்கா வாங்குவா?"

"வாங்கிற ஆக்கள் வாங்குவினம். இதில இருந்து ஒரு சதம் குறைக்க மாட்டம். சரியோ?"

வாங்கினார்கள். அதுதான் அதிசயம். உங்கள் கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அந்த விலைக்கே வாங்கினார்கள். மாதா மாதம் நான் தைத்துக் கொண்டுவந்தது எல்லாம் போனது. அதில்தான் மகனை ரியூஷனுக்கு அனுப்பினேன், வீட்டுக்குக் கூரை மாற்றினோம். அதைவிடப் பெரியது, நான் நடக்கிற நடையே மாறியது. எங்கள் ரோட்டில் தைக்கிற பெண்களிடமெல்லாம் "உங்க கைக்கு வெலை வச்சு வித்துப் பாருங்க, வாங்குவாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கைக்கு ஒரு விலை இருக்கிறது, உலகம் அதைக் கொடுக்கிறது என்று நம்பினேன்.

போர்வையின் மூலையில் கட்டுவதற்கு இங்கிலீஷில் ஓர் அட்டை அடித்தீர்கள். அதற்காக என் கைகளை மட்டும் படம் எடுத்தீர்கள். என் பெயர் அச்சில் இருந்ததைப் பார்த்து எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? எனக்குப் பெயரை வாசிக்கிற அளவு இங்கிலீஷ்தான் வரும். மகனிடம் காட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். "எண்ணித்தான் அடிச்சது, அடுத்த முறை தாறன்" என்றீர்கள். அந்த அடுத்த முறை வரவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கினேன். அப்போதெல்லாம் நீங்கள் நிறையக் கதைத்தீர்கள், அக்கா. மகள் அபிராமியின் கல்யாணம், கடைக்கு யார் பொறுப்பு, யாழ்ப்பாணத்துக் காணி எல்லாவற்றையும் பற்றி. இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. சொல்ல நினைத்தீர்களா? சொல்லத் தேவையில்லை என்று நினைத்தீர்களா?

நீங்கள் போய்ச் சில மாதம் இருக்கும். பகல் சாப்பாட்டு நேரம். என் வீட்டுக்காரர் தான் ஓட்டுகிற த்ரீவீல் ஆட்டோவை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்து, சாரத்தோடு முன்னறையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிற ரஷீது நானா இறங்கினார். அவரை அதற்கு முன் எனக்குத் தெரியாது. பின்னால் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர், கையில் பெரிய பை.

"தைக்கிற செல்வி நீங்கதானே தங்கச்சி? பஸார்ல நூல் கடையில கேட்டு வந்தோம். இந்த அம்மா போன முறை வந்தப்போ பேரப்புள்ளைக்கு ஒங்கட போர்வையொண்ணு வாங்கீக்காங்க. ஒங்களப் பாக்கணும்ண்டே இந்த முறை வந்தீக்காங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தையலைப் பார்த்துவிட்டு அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார்! அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பையைத் திறந்தார். சின்னப் பிள்ளைகளின் உடுப்புகள், சப்பாத்துகள், ஒரு பெரிய டோர்ச் லைட்.

நானா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு ஈக்கிறது ஆரு?"

"எங்க வீட்டுக்காரரு."

நானா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அந்த அம்மாவின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். போர்வையோடு வந்த அட்டையை அந்த அம்மா பத்திரமாக வைத்திருந்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. இதுல வேற மாதிரி எழுதீக்கி."

"என்னான்னு எழுதியிருக்கு?"

அவருக்கு வாசிக்க வாய் வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். செல்வி தேயிலைத் தோட்டத்தில் வாழும் விதவை. மழைக்காலத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் மேல் மலை சரிந்து அவள் கணவன் மண்ணுக்குள் போய்விட்டான். கரண்ட் இல்லாத ஓர் ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் தைக்கிறாள். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு போர்வையும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

என் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அக்கா. எனக்கு இருப்பது ஒரே மகன் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் ஊற்றிய தேத்தண்ணீரைக் குடித்து, "நல்ல சாயம் தம்பி" என்று சொன்னது நீங்கள்.

என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்.

"நான் எப்பங்க செத்தேன்?"

நானாவிடம்தான் கேட்டார். சிரிப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னியா?"

உண்மையைச் சொல்லச் சொல்லி நானாவைக் கேட்டேன். அவர் தயங்கினார். "அந்த அம்மாட மனசு ஒடஞ்சுபோகும் தங்கச்சி. பேசாம வாங்கிக்கொண்டு அனுப்பினா என்ன?" என்றார். சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடியதைப் பார்த்தேன். அழுத கண் அப்படியே இருக்க, வாய் மட்டும் இறுகியது. தன் பையிலிருந்த போர்வையை எடுத்துப் பார்த்தார். அவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்த பொருள், அந்த நிமிடத்தில் வெறும் துணியாகிவிட்டது போலப் பார்த்தார். ஒன்று கேட்டார்.

நானா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "அப்ப இதுக்கு ஏன் இவ்வளவு வெலைண்டு கேக்கிறாங்க."

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. நான் போர்வையைப் புரட்டிப் பின்பக்கத் தையலைக் காட்டினேன். கோடு பிசகாமல் ஓடுகிற கைத்தையலைக் காட்டினேன். துணி, நூல், நேரம் என்று நாம் மேசையில் போட்ட கணக்கை மூச்சு வாங்கச் சொன்னேன். நானா எவ்வளவு சொன்னாரோ, அந்த அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. போர்வையை மடித்து எடுத்துக்கொண்டார். உடுப்புப் பையை நான் வாங்கவில்லை. வேன் போய்விட்டது. அந்தப் போர்வையைத் தன் பேரப்பிள்ளைக்கு இனிப் போர்த்துவாரா?

என் வீட்டுக்காரர் மிச்சச் சோற்றைச் சாப்பிடவில்லை. "என் த்ரீவீல்ல ஏறுன வெள்ளக்காரங்கள்ல எத்தன பேரு ஒன்ன விதவைன்னு நெனச்சுக்கிட்டு எறங்கிப் போனாங்களோ" என்றார். நான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பாமலும் இல்லை, நம்பியதாகவும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

கையைப் படம் எடுத்த நாள் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "வளையலைக் கழட்டும், வெளிச்சம் பட்டு மினுங்குது" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே கழற்றி உங்கள் கையில் கொடுத்தேன். என்ன நினைத்துக்கொண்டு வாங்கி வைத்திருந்தீர்கள், அக்கா?

கடைக்குப் போனேன். வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து விட்டார், ஆனால் இறங்கவில்லை, ரோட்டோரத்தில் த்ரீவீலிலேயே இருந்துகொண்டார். அபிராமி உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அபி, அட்டையில என்னாம்மா எழுதியிருக்கு?"

"ஆர் அன்ரி சொன்னது?" என்றாள். அதுவே எனக்குப் பதிலாகிவிட்டது.

பிள்ளை அழுதுவிட்டாள். அட்டையை இங்கிலீஷில் எழுதியது அவள்தானாம், சொல்லிக் கொடுத்தது நீங்களாம்.

"முதல் வந்த போர்வையளுக்கு உங்கட பேரை மட்டும்தான் அன்ரி போட்டனாங்கள். எல்லாரும் வடிவெண்டு சொல்லுவினம், விலையைப் பாத்திட்டு வைச்சிட்டுப் போவினம். ஒண்டுகூடப் போகேல்ல. அந்த மாதங்களில அம்மா தன்ர காசைத்தான் உங்களுக்குத் தந்தவ. விலையைக் குறைப்பம் எண்டு நான் சொன்னனான். அம்மா மாட்டன் எண்டிட்டா. அந்தப் பிள்ளைக்கு நான் குடுத்த வாக்கு எண்டா. பிறகுதான் இந்தக் கதை. உங்கட நல்லதுக்குத்தான் செய்தவ."

"எம் புருஷன சாகடிக்கிறதா நல்லது?"

"அது சும்மா ஒரு கதைதானே அன்ரி. ஆரும் தேடி வருவினம் எண்டு நினைக்கேல்ல."

"அந்த மண்சரிவும் சும்மா கதையா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அது நீங்கள் அம்மாவுக்குச் சொன்னதாமே" என்றாள்.

ஓம் அக்கா, நான் சொன்னதுதான். உங்கள் கடையில் ஆள் இல்லாத ஒரு மழைநாளில் சொன்னேன். பன்வில தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு மேலே மலை இடிந்து விழுந்ததை, அதற்குள் போன என் சித்தப்பாவை, மண்ணைக் கிளறிக்கொண்டு என் அப்பா போட்ட சத்தத்தை. என் மகனுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். அன்றைக்கு என் கையைப் பிடித்தது அக்காவா, கடைக்காரியா?

எனக்கு இதுதான் தாங்கவில்லை. அந்த விலைக்குப் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைத்திருப்பேன், இல்லாவிட்டால் வேறு ஏதாவது தைத்திருப்பேன். சரி, கதை வேண்டும் என்றால் என்னிடமே உண்மையான கதை இருந்ததே? காமென்ட்டில் லைனிலேயே சுத்தமான தையல் என்று பேர் எடுத்தவள் என்று எழுதியிருக்கலாமே? பன்வில என்றதும் உங்களுக்கு ஒழுகுகிற லயமும் செத்த புருஷனும்தான் தோன்றியதா? எங்கள் ஆட்களை அழவைத்துத்தான் விற்க முடியுமா? என் அண்ணன் குடும்பம் இன்னும் லயத்தில்தான் இருக்கிறது. அவர்கள் கஷ்டம் நிஜம். அது என் போர்வையின் மூலையில் கட்டித் தொங்கவிடுகிற சாமான் இல்லை.

நேரத்துக்குக் காசு வாங்கப் பழக்கினது நீங்கள். அதே நீங்கள், எனக்குத் தெரியாமல் என் கையில் பிச்சையைப் போட்டு, கூலி என்று சொன்னீர்கள். இத்தனை வருடம் நான் வாங்கியதில் எது கூலி, எது பிச்சை? பிரித்துச் சொல்ல உங்களாலும் முடியாது. எங்கள் ரோட்டில் நான் பேசிய பேச்சை நம்பி விலையைக் கூட்டிவிட்டு, விற்காமல் கஷ்டப்பட்ட பெண்ணுக்கு இப்போது நான் என்ன பதில் சொல்வது?

கடையில் இருந்த என் போர்வைகளை எல்லாம் இறக்கி, அட்டைகளைக் கத்தரித்து எடுத்தேன். "அட்டை இல்லாமல் இந்த விலைக்கு விக்கேலாது அன்ரி" என்றாள் அபி. "விக்க வேணாம்" என்று சொல்லி மூட்டை கட்டினேன். கடைவாசல் திறந்துதான் கிடந்தது, எங்கள் சத்தம் ரோட்டுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். நான் வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் இறங்கி வந்து, மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்றோடு வீட்டில் பேச்சு பழையபடி ஆனது.

இப்போதைய புதினம் சொல்கிறேன், கேளுங்கள். டவுனில் சனிக்கிழமைகளில் கைவேலைக்காரர்கள் மேசை போட்டு விற்கிற இடம் ஒன்றில் எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. மகன் மூன்று பாஷையிலும் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தான். துணி எங்கே இருந்து வந்தது, எது மெஷின் தையல், எது கைத்தையல், ஒன்று முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், விலையில் எது எதற்கு எவ்வளவு. அவ்வளவுதான். விலை நாம் போட்ட அதே விலை. உங்கள் கடைப் பங்கை மட்டும் கழித்துவிட்டு, மேசை வாடகையைச் சேர்த்தேன்.

ஒருவரும் வாங்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அபி சொன்னது போலவே எடுத்துப் பார்த்தார்கள், நல்லாயிருக்கிறது என்றார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மேசைக்குப் பின்னால் நின்றபோதுதான், நீங்கள் அந்த முதல் மாதங்களில் எனக்குச் சொல்லாமல் தனியாக எதைத் தாங்கினீர்கள் என்று விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. ஒருநாள் விலையைக் குறைத்துவிடலாம் என்று பேனையை எடுத்தும்விட்டேன்.

அன்றைக்கு ஒரு சிங்கள அம்மாவும் பிள்ளைத்தாய்ச்சி மகளும் வந்தார்கள். விலை கூடத்தானே என்று அம்மா சிங்களத்தில் கேட்டார். மகள் போர்வையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். கழுவினால் பிரியுமா என்று கேட்டாள். பிரியாது, ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் திரும்பத் தைத்து இறுக்கியிருக்கிறேன் என்று காட்டினேன். குறைத்துக் கேட்டார்கள். முடியாது என்றேன். போய்விட்டார்கள். நான் பேனையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அந்தப் பெண் அதே போர்வையை எடுத்துக்கொண்டு முழுக் காசையும் கொடுத்தாள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

காசை இரண்டு தரம் எண்ணினேன், அக்கா. இத்தனை வருடம் தைத்து, அன்றைக்குத்தான் நான் என் முதல் போர்வையை விற்றேன்.

அதற்குப் பிறகும் நிறையப் போவதில்லை. சில சனிக்கிழமைகளில் ஒன்று, பல சனிக்கிழமைகளில் ஒன்றுமில்லை. குறைகிற காசுக்கு ஸ்கூல் யூனிபோர்ம் தைக்கிறேன். உங்கள் அட்டையோடு விற்ற காலத்தில் என் கை நிறையக் காசு இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இப்போது வருகிறது எதற்கு வருகிறது என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் அபி போன் எடுத்தாள். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது, உங்கள் ஆட்டைத்திவசம் வருகிறதாம். "நீங்கள் வராமல் அம்மாவுக்குப் படைக்க மாட்டன் அன்ரி" என்று அழுதாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். துவாயை முகத்திலிருந்து எடுக்காமலேயே, "போகத்தான் வேணும். நானும் வர்றேன்" என்றார்.

ஆகவே இது என் வாக்கு. வருவோம். விடியற்காலையிலேயே வந்து காய் நறுக்குவேன், உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை நானே வைப்பேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அது எனக்கு இன்னும் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் சொந்தக்காரர் எல்லாரும் வந்திருப்பார்கள். பந்தியில் முதல் வரிசையில் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து, இலை போட்டு, என் கையாலேயே பரிமாறுவேன். உங்கள் படத்துக்கு நேரே அவர் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவார். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
புருஷன் உயிரோடிருக்கும் உங்கள் தங்கச்சி
செல்வி